ஏழாம் வீட்டுச் சுவர்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ‘டொக்டொக் அக்கா’ என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும்; தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கணக்கெடுக்கப் போகிற வீட்டில் அழைப்பு மணி பளபளவென்று எதிரிலேயே இருந்தாலும் அதைத் தொட மாட்டார். விரலை மடக்கி முட்டியால் கதவில் இரண்டு தட்டு. பிறகு உள்ளங்கையைக் கதவில் வைத்துக்கொண்டு நிற்பார். கதவுக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்கிற மாதிரி இருக்கும்.

“மணி இருக்கே அக்கா, அதை அமுக்கினா என்ன?” என்று ஒருநாள் கேட்டேன்.

“காலிங்பெல்லை நம்பக் கூடாது தம்பி. உள்ள அது அடிக்குதா, செத்துப் போச்சான்னு வெளியில நிக்கறவளுக்கு என்ன தெரியும்? தட்டிட்டுக் கையை வெச்சா, உள்ள யாரு எழுந்து வராங்கன்னு கைக்கே தெரியும்.”

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் வீடு வீடாகப் பிரஷர் குக்கர் விற்றவர். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் குக்கர்களைத் தூக்கிக்கொண்டு மாடிமாடியாக ஏறித்தான் மகளைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தார். எந்தக் கதவு திறக்கும், எது திறப்பது போலத் திறந்து முகத்தில் சாத்தும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இப்போது ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறார். தூங்கும்போது போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். மகள் கூப்பிட்டால் அது அதிரும், அப்போதுதான் எழுந்திருப்பார்.

ஏனென்றால் அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலதும் அரைகுறைதான். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கூட்டம் என்றால் இடது ஓரத்து நாற்காலியை முதலிலேயே போய்ப் பிடித்துவிடுவார்; பேசுகிறவர்கள் எல்லாரும் வலது பக்கம் வந்துவிடுவார்கள் அல்லவா? எனக்குத் தெரிந்ததுகூடத் தற்செயல்தான். ஒரு லாரிக்காரன் பின்னால் நின்று ஹாரனை அழுத்தித் தள்ளுகிறான், இந்த அம்மாள் பாட்டுக்குச் சாலை நடுவில் நடந்துகொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

எங்கள் வேலை வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற வேலை. காது கேட்காத கணக்கெடுப்பாளரை யார் புதுப்பிப்பார்கள்? ஒரு தடவை அலுவலகத்தில் எங்களையே உட்கார வைத்து, ஊராரிடம் கேட்கிற அதே கேள்விகளைக் கேட்டார்கள். “கேட்பதில் சிரமம் உண்டா?” என்றதும், “இல்லை” என்று அக்கா பட்டென்று சொன்னார். ஊரெல்லாம் போய் உண்மையைக் கறந்து வருகிறவர் தன் முறை வந்ததும் கூசாமல் பொய் சொன்னார். எங்கள் அலுவலகத்தில் எவருக்கும் எந்தச் சிரமமும் இல்லை என்று மேலே எழுதி அனுப்பினோம். கண்ணாடியில்லாமல் சோற்றில் குழம்பு எது, ரசம் எது என்று தெரியாத கணக்காளரையும் சேர்த்துத்தான்.

நான் அவருடைய மேற்பார்வையாளன். அதாவது, மற்றவர்கள் வெயிலில் அலைந்து கொண்டுவருவதில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தப்பு கண்டுபிடிப்பவன்.

எங்கள் கணக்கெடுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு வட்டாரத்தில் யார் யாருக்குப் பார்க்க, கேட்க, நடக்க, ஞாபகம் வைக்க, குளித்து உடுத்த, பேசிப் புரியவைக்கச் சிரமம் இருக்கிறது என்று கேட்டு எழுத வேண்டும். கொஞ்சம் சிரமமா, ரொம்பவா, முடியவே முடியாதா என்றும் கேட்க வேண்டும். பிறகு அவர்களுடைய படிப்பு, வேலை, வருமானம், வைத்தியம் எல்லாவற்றையும் மற்றவர்களுடையதோடு வைத்துப் பார்த்து, இவர்கள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பார்கள். அதை வைத்துத்தான் எந்த வட்டாரத்துக்கு என்ன உதவி என்று முடிவாகும். ‘ஊனமுள்ளவர் உண்டா?’ என்று மட்டும் கேட்கவே கூடாது. அப்படிக் கேட்டால் படுத்த படுக்கையாகக் கிடக்கிற அப்பாவை உள்ளே வைத்துக்கொண்டு, “சேச்சே, அதெல்லாம் இல்லீங்க, அவருக்கு வயசாயிடுச்சு அவ்வளவுதான்” என்பார்கள். ஒவ்வொரு ஆளாக, ஒவ்வொரு சிரமமாகக் கேட்க வேண்டும்.

இது சட்டம். நடப்பது வேறு. எங்கள் ஆட்களிடம் ஒரு குறுக்குவழி உண்டு. கதவைத் தட்டும் முன்பு வாசலில் கிடக்கிற செருப்பை எண்ணிக்கொள்வார்கள். வீட்டுக்காரர் நாலு பேர் என்று சொல்லி, செருப்பும் நாலு ஜோடி என்றால் பேச்சு முடிந்தது. வீடு பூட்டியிருந்தால் ‘ஆள் இல்லை’ என்று போட்டுவிட்டு அடுத்த வீடு.

எங்களில் ‘பறக்கும் படை’ என்று ஒருவர் இருந்தார். மற்றவர்கள் ஒரு தெருவை முடிப்பதற்குள் அவர் நாலு தெருவை முடித்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். அவர் போய்வந்த இடம்தான் மூடிப்போன ஆலைக்குப் பின்னால் இருக்கிற அந்த வீட்டு வரிசை. ஏழு வீடுகள், ஒன்றை ஒன்று ஒட்டிக் கட்டியவை. ஏழுக்கும் சேர்த்து அவர் கொண்டுவந்தது சுழியம். ஒருவருக்கும் ஒரு சிரமமும் இல்லை.

இயக்குநர் சந்தோஷப்பட்டார். அந்தப் பக்கத்துக்கு ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கே வந்து கைகால் பயிற்சி கொடுத்து, மருந்து கொடுத்துவிட்டுப் போகிற வண்டி. “ஆளே இல்லாத இடத்துக்கு வண்டி எதுக்கு? உறுதிப்படுத்திக் கையெழுத்துப் போடுங்க, வேற பக்கம் திருப்பிடலாம்” என்றார் என்னைப் பார்த்து.

இடது ஓரத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது. “ஏழு வீட்ல ஒருத்தருக்குக்கூட முட்டி வலி இல்லையா சார்? அது தெருவா, இல்ல காலண்டர் படமா?”

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த குற்றத்துக்குத் தண்டனை எனக்கு. நானும் அக்காவும் போய் மறுபடி கேட்டு வரவேண்டும் என்று உத்தரவானது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மட்ட மத்தியானம். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது, ஆனால் ஒரு சொட்டு விழவில்லை. அந்தத் தெருவைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும் உண்டு. வீடுகளில் ஆள் இருந்தார்கள், குழம்பு தாளிக்கிற வாசனைகூட வந்தது. ஆனால் ஒரு பேச்சுக்குரல் இல்லை. டிவி இல்லை. ஒரு குழந்தைகூட வாசலில் விளையாடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் செருப்புகள் மட்டும் ஜோடி ஜோடியாக, யாரோ பார்க்க வரப்போகிற மாதிரி வரிசையாக அடுக்கியிருந்தன.

“தெருவே காதைத் தீட்டிக்கிட்டு நிக்குது” என்றார் அக்கா. அந்த அம்மாள் வாயிலிருந்து அதைக் கேட்டதும் எனக்கு முதுகில் சில்லென்றது.

முதல் வீட்டில் இரண்டு தட்டு தட்டி, கையை வைத்துக்கொண்டு நின்றார். கதவு ஒரு சாண் திறந்தது. கரண்டியும் கையுமாக ஒரு பெண்.

“நாங்க மூணு பேருங்க. அவரு, நான், பையன். எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்.”

வாசலில் மூன்று ஜோடி செருப்பு. சரியாக இருந்தது. அக்கா விடவில்லை. பார்ப்பதில் சிரமம், கேட்பதில் சிரமம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம். சுவரில் யாரோ தட்டுகிறார்கள். டொக், டொக், டொக் என்று நிதானமாக. நின்றது. மறுபடி ஆரம்பித்தது.

“அது என்னம்மா?” என்றேன்.

“எலிங்க.”

நிறுத்தி நிதானமாகத் தட்டுகிற எலியை நான் பார்த்ததில்லை. அக்கா கதவுச் சட்டத்தை ஒட்டிய சுவரில் கையை வைத்திருந்தார். முகம் மாறியிருந்தது. “சரிம்மா” என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டார்.

இரண்டாவது வீட்டில் வாட்டசாட்டமான ஒரு ஆள். நாலு பேர், நாலு ஜோடி, சிரமம் இல்லை. அங்கேயும் அதே தட்டல். “தண்ணி பைப்புங்க, பழசு” என்றார். அவர் நெற்றியில் வியர்வை.

மூன்றாவது வீட்டம்மா கதவைத் திறக்கும்போதே சண்டைக்கு நின்றாள். “எத்தனை தடவைங்க வருவீங்க? யாரும் யாரையும் எதுவும் கேக்க மாட்டாங்க, அக்கம்பக்கம் எட்டிப் பாக்காதுன்னு புரோக்கர் சொன்னதாலதான் இந்த வீட்டுக்கே வந்தோம்.” உள்ளே தட்டல் கேட்டதும், “அது பக்கத்து வீடு” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். பக்கத்து வீட்டில் கேட்டால், அது அதற்கும் அடுத்த வீடு என்றார்கள். சொல்லும்போது யாருமே எங்கள் கண்ணைப் பார்க்கவில்லை.

நாங்கள் ஒவ்வொரு வாசலாக நகர நகர, சத்தமும் கூடவே வந்தது. அது எங்களுக்கு முன்னாலேயே போய் அடுத்த வீட்டில் காத்திருந்தது. நாங்கள் தெருவில் நடக்கிறோம், சுவருக்கு உள்ளே எதுவோ நடக்கிறது.

“அக்கா, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடலாம். இந்த இடம் சரியில்ல.”

“எனக்கு இதுல பாதிகூடக் காதுல விழல. உங்களுக்குத்தான் ரெண்டு காதும் நல்லா இருக்கே, எண்ணினீங்களா?”

“என்னத்தை எண்றது? குலை நடுங்குது எனக்கு.”

“ஏழு.” தன் உள்ளங்கையை என்னிடம் காட்டினார், அதில் ஏதோ ஒட்டியிருப்பது போல. “முதல் வீட்ல ஏழு தட்டு. ரெண்டாவதுல ஏழு. எல்லா வீட்லயும் ஏழுதான். நிறுத்தறது, மறுபடி ஏழு.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தெருக்கோடியைப் பார்த்தோம். ஏழாவது வீடு பூட்டியிருந்தது. வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. பறக்கும் படை அதற்கு நேராக ‘ஆள் இல்லை’ என்று போட்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. நானாக இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன்.

அக்கா விறுவிறுவென்று போய் அந்தப் பூட்டிய கதவில் இரண்டு தட்டு தட்டினார். கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் நடுத்தெருவில் நின்றேன், எந்தப் பக்கம் ஓடுவதற்கும் வசதியாக. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அக்கா கதவிலிருந்து கையை எடுக்காமலே மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“உள்ள யாரோ இருக்காங்க தம்பி.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே!”

“கேக்கற அளவுக்கு அதுல பலம் இல்ல. நகத்தால சுரண்டற மாதிரி இருக்கு.”

பூட்டை உடைக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது. அதைத்தான் நான் முதலில் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா, மேற்பார்வையாளன் ஆயிற்றே. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவர் ஆறாவது வீட்டு வாசலுக்குப் போய், இந்தத் தடவை உள்ளங்கையாலேயே கதவை அறைந்தார்.

அந்த வீட்டுக்காரர் வயதானவர். பெரிய மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. கூடத்தில் புதுத்துணிப் பைகள் கிடந்தன. அக்கா கேட்பதற்கு முன்னாலேயே, “எங்க வீட்ல அப்படி யாரும் இல்லீங்க” என்றார். அவர் பின்னால், வீட்டின் உள்ளறையிலிருந்து தட்டல் வந்துகொண்டே இருந்தது. இங்கே அது நிதானமாக இல்லை. தடதடவென்று, வெறிபிடித்த மாதிரி வந்தது.

“ஐயா, நான் கணக்கெடுக்க வரல” என்றார் அக்கா. “உங்க வீட்ல யாரு இருக்காங்க இல்லைங்கறது எனக்கு வேண்டாம். பக்கத்து வீட்ல ஒரு உயிரு போயிட்டிருக்கு. அது உள்ள தட்டறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அவங்களை நான் பார்க்கணும்.”

அந்தப் பெரியவர் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். கூடத்தில் கிடந்த பைகளை ஒருமுறை பார்த்தார். அந்த மனிதரைத் திட்டத்தான் எனக்கு வாய் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

“சின்ன மகதாங்க, அவ பாட்டுக்குத் தட்டிக்கிட்டே இருக்கா. சாப்பிடல, தூங்கல. பைத்தியம் முத்திடுச்சுன்னு நெனச்சோம்” என்றார் கடைசியில், வழிவிட்டு.

பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. குளியலறை அதற்குள்ளேயே இருந்தது. சுத்தமான படுக்கை, சுத்தமான சட்டை, தலை வாரிப் பின்னியிருந்தது, பாசமாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஓர் இளம்பெண் கட்டிலில் சரிந்து உட்கார்ந்து, கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரால் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தாள். டம்ளரின் விளிம்பு நசுங்கிப் போயிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவள் வாய் கோணியது, குரல் வந்தது, வார்த்தை வரவில்லை. அக்கா அவளுக்கு எதிரே போய் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தார். பேச்சை வாயசைவில் பார்த்துப் பழகியவர் அல்லவா?

அவள் ஏழாம் வீட்டுப் பக்கத்துச் சுவரைக் காட்டினாள். ஏழு தடவை தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

“பதில் வரலையா? அங்கேருந்து முன்னாடி பதில் வருமா?”

ஆமாம் என்றாள். பிறகு இந்தப் பக்கத்துச் சுவரைக் காட்டி ஐந்து தட்டினாள், சற்று விட்டு நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. தன் நெஞ்சைத் தொட்டு ஆறு. அப்போதுதான் எனக்கே மண்டையில் உறைத்தது. ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு பின்னறை. ஒவ்வொரு பின்னறையிலும் ஓர் ஆள். அவர்களுக்கு எண்தான் பெயர். ஏழாவது ஆள் பதில் சொல்லவில்லை என்று வரிசை முழுக்கக் கத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள், அவர்களால் முடிந்த வகையில். முன்கட்டில் இருந்தவர்கள் அதற்கு எலி என்றும் பைப்பு என்றும் பேர் வைத்துக்கொண்டு சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

பெரியவர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கடப்பாரையை எடுத்தார். “பின்னாடி ஒரு ரூம் இருக்கு, உங்களுக்குத் தோதா இருக்கும், தெருவுல யாருக்கும் தெரியாதுன்னு புரோக்கர் சொன்னாரு” என்றார் என்னிடம், நடந்துகொண்டே. “எங்களுக்கு மட்டும்தான்னு நெனச்சோம்.”

பூட்டு இரண்டு நெம்பலில் விட்டது. உள்ளே அடைத்த வாடை. பின்னறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருவர் விழுந்து கிடந்தார். கால்கள் இரண்டும் குச்சியாகச் சூம்பியிருந்தன. மேசையில் தண்ணீர்க் குடமும் சாப்பாட்டு டப்பாக்களும் இருந்தன, ஆனால் அவர் கை எட்டாத தூரத்தில். விரல்கள் சுவரோரமாகக் கிடந்தன. அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது.

அக்கா அவர் தலையை மடியில் தூக்கி வைத்து, முந்தானையை நனைத்து உதட்டில் பிழிந்தார். நான் ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன். ஒருதடவை தவறான ஆளிடம் பேசிவிட்டு மறுபடி அடித்தேன்.

பேச வந்ததும் அவர் முதலில் தன் தம்பிக்காகத்தான் பரிந்து பேசினார். தம்பியின் மாமனார் இறந்துபோனதால் அவனும் பெண்டாட்டியும் போயிருக்கிறார்கள். சீக்கிரம் வந்துவிடுவதாகத்தான் சொன்னார்கள், வழியில் ஆறு உடைத்துக்கொண்டு பாலம் போய்விட்டதாம், கைபேசியில் தம்பி அழுதானாம். அப்புறம் இவர் கட்டிலிலிருந்து விழுந்தார், கைபேசி மேலேயே தங்கிவிட்டது.

“பக்கத்துல யாருக்காவது தம்பி ஒரு போன் பண்ணியிருக்கலாமே!” என்றேன் ஆத்திரமாக.

“யாருக்குங்க பண்ணுவான்? நான் இருக்கறதே யாருக்கும் தெரியாதே.”

அவர் இன்னும் இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, கையை மெல்ல நீட்டிச் சுவரில் தட்டினார். ஏழு. ஒவ்வொரு தட்டுக்கும் மூச்சு வாங்கினார். அந்தப் பக்கம் டம்ளர் சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு அந்தப் பெண் வீறிட்டு அழுகிற சத்தம், அதோடு சேர்ந்து டம்ளரும். அது அடுத்த வீட்டுக்குப் போனது. அதற்கும் அடுத்த வீட்டுக்குப் போனது. ஏழு, ஏழு, ஏழு என்று தேய்ந்துகொண்டே வரிசையின் தொடக்கம் வரைக்கும் போய் அடங்கியது. வெளியே கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். கரண்டிப் பெண், வாட்டசாட்டமான ஆள், சண்டைக்காரி என்று அத்தனை பேரும் தெருவில் நின்று ஒருவர் வீட்டை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எலி என்று சொல்லவில்லை.

நான் திரும்பி உள்ளே வந்தால், அக்கா தரையில் உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்து வைத்திருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“இப்பவா அக்கா? மனுஷன் செத்துப் பிழைச்சிருக்காரு!”

“இப்பதான் தம்பி. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டா இது மறுபடியும் பூட்டின வீடு. பூட்டின வீட்டுக்கு நீங்க என்ன போடுவீங்க?”

அக்கா அந்த மனிதர் பக்கம் திரும்பினார்.

“ஐயா, இந்த வீட்ல வழக்கமா இருக்கறவங்க மொத்தம் எத்தனை பேரு?”

அவர் ஏதோ சொன்னார். குரல் காற்றாக வந்தது. அக்கா குனிந்து, முகத்தைத் திருப்பிக் காட்டினார். “இந்தப் பக்கம் சொல்லுங்க. அந்தக் காது எனக்குக் கேக்காது.”

பக்கத்தில் நான் நிற்கிறேன். அக்காவின் வேலையைப் புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று இயக்குநருக்கு எழுதுகிறவன் நான். அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஏழு பேரு” என்றார் அந்த மனிதர்.

“தம்பி, தம்பி பொண்டாட்டி, நீங்க. மூணுதானே?” என்றேன். தொழில் புத்தி, போகுமா?

“அவங்க வருவாங்க, போவாங்க. நாங்க ஏழு பேரு. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்ததில்ல.” பிறகு அக்காவின் காதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. “எட்டுன்னே போட்டுக்கங்களேன்.”

அக்கா சிரிக்கவில்லை. மூன்று என்றுதான் போட்டார், கணக்கு கணக்குதான். நடப்பதில் சிரமம் என்ற இடத்தில் ‘முடியவே முடியாது’ என்று போட்டார். ஆம்புலன்ஸ் போன பிறகு முதல் வீட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். இந்தத் தடவை கதவுகள் முழுசாகத் திறந்தன. வண்டியை வேறு பக்கம் திருப்புகிற தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. இயக்குநருக்கு முகம் விழுந்துவிட்டது, விழட்டும்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அக்கா வழக்கமான இடது ஓரத்து நாற்காலிக்குப் போகவில்லை. என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்து டேப்லெட்டை என் பக்கம் தள்ளினார். ஊழியர்களிடம் கேட்கிற பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்.

“என்னை மறுபடி கேளுங்க.”

“நாளைக்குப் பார்த்துக்கலாம் அக்கா. யோசிச்சு…”

“கேளுங்க தம்பி. எழுதியிருக்கற மாதிரியே, ஒரு வார்த்தை மாத்தாம.”

நான் அவருடைய வலது பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, சத்தமாகப் படித்தேன். “கேட்பதில் உங்களுக்குச் சிரமம் உண்டா? சிரமம் இல்லையா, கொஞ்சம் சிரமமா, ரொம்பச் சிரமமா, கேட்கவே முடியாதா?”

“ரொம்பச் சிரமம்” என்றார்.

போட்டுக்கொண்டேன். வருஷக் கடைசியில் அவரைப் புதுப்பிக்கிறார்களா என்று பார்க்கிறேன். இல்லையென்றால் இயக்குநர் அறைக் கதவை நான் போய்த் தட்டுவேன்.